பெயின்ட் டப்பாவில் நின்ற டிஷ்

என் அக்காள் கோமளாவின் வீட்டுக்காரர் கிருபாகரன் நல்ல மனிதர். திருநின்றவூரில் அவர் வீட்டுக் கீழ்ப்போர்ஷனில் என்னைப் போலக் குடியிருந்து பார்த்தால்தான், அந்த நல்ல மனிதரைக் கட்டி மேய்ப்பது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறார். அங்கே மேஸ்திரி சொன்னால் கேட்பாராம். வீட்டில் யார் சொன்னாலும் கேட்கமாட்டார்.

மகள் கனிமொழி கபடி வீராங்கனை. போன வருஷம் அவள் ஆடிய ஆட்டம் டி.வி.யில் வந்தது. பழைய டி.வி., கேபிள் இணைப்பு. கலங்கலான படத்தில் எல்லாப் பெண்களும் ஒரே மாதிரி ஓடினார்கள். மாமா திரையில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றார்.

"எது நம்ம பொண்ணுன்னே தெர்ல மச்சான்" என்றார். மகள் ஆடி அவர் ஒருநாளும் நேரில் பார்த்ததில்லை. போட்டியெல்லாம் வடக்கே எங்கேயோ நடக்கும், இவருக்கு லீவு கிடைக்காது.

இந்த வருஷப் போட்டிக்கு முன்னாலேயே சுவரை அடைக்கிற மாதிரி டி.வி. வந்தது, எச்.டி. டிஷ் வந்தது. கூடவே ரோதனையும் வந்தது. டிஷ் மாட்ட வந்தவர் மொட்டைமாடியில் டிரில்லை எடுத்தார். மாமா குறுக்கே நின்றார்.

"ஓட்டை போட்டா மழைக்கு ஒழுவும். வோணாம்."

"போல்ட் போடாங்காட்டி நிக்காது அண்ணாத்தே."

"நான் நிக்க வைக்கிறேன், நீ போ நைனா."

பழைய பெயின்ட் டப்பாவில் சிமென்டைக் கொட்டி, கம்பியை நட்டு, அதில் டிஷ்ஷை உட்காரவைத்தார். படம் வந்தது. செய்தி வாசிக்கிற பெண்ணின் நெற்றியில் அப்பியிருந்த பவுடர்கூடத் தெரிந்தது. மாமா கர்வமாக என்னைப் பார்த்தார்.

கனிமொழியின் அணி இறுதிப்போட்டிக்கு வந்தது. சொந்தக்காரர்கள் வருவார்கள் என்று அக்காள் அன்று காலையிலேயே போர்வை, ஜமக்காளம் எல்லாவற்றையும் துவைத்துப்போட்டாள். கொடி போதவில்லை. கட்டியிருக்கிறாள் ஒரு கயிற்றை, தண்ணீர் டேங்கிலிருந்து நேரே டிஷ் கம்பிக்கு! ஈர ஜமக்காளத்தின் கனத்தில் சிமென்ட் விரிசல் விட்டு கம்பி ஆட ஆரம்பித்தது. போட்டி தொடங்குகிற நேரத்தில், வீடு நிறைய ஆள் உட்கார்ந்திருக்க, டி.வி.யில் 'சிக்னல் இல்லை'.

"இன்னாடி பண்ணி வச்சிகீற?" என்று கத்தினார் மாமா.

"கம்பி சும்மாதானே நின்னுகினு இருந்துச்சி!" என்றாள் அக்காள். இவர்களோடு என்னத்தைப் பேசுவது?

நானும் மாமாவும் மாடிக்கு ஓடினோம். அவர் கயிற்றை ஜமக்காளத்தோடு அவிழ்த்து எறிந்துவிட்டு டிஷ்ஷைத் திருப்பினார்.

"வருதா?"

"வர்ல!" கீழேயிருந்து அக்காள்.

இன்னும் கொஞ்சம் திருப்பினார். "வந்துச்சி, வந்துச்சி!" கையை எடுத்தார். போய்விட்டது. பிடித்தால் வந்தது, விட்டால் போனது. செங்கல்லை முட்டுக் கொடுத்தோம், நிற்கவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த டப்பாவைத் தெருவில் வீசியிருப்பேன்.

"நான் பிடிச்சிக்கிறேன், நீங்க போய்ப் பாருங்க மாமா."

"கை மாத்துனா போய்டும். புள்ள ஆட ஆரம்பிச்சிருக்கும், நீ போ மச்சான்."

"போன்லயாவது போட்டுக் காட்டுறேன்."

"அதுல எறும்பாட்டம் தெரியும். அத்த பாக்கவா இத்த வாங்குனேன்? போ சொல்றேன்ல!"

போனேன். இழுத்துப் பிடித்த மூன்று பெண்களையும் சேர்த்து இழுத்துக்கொண்டு கனிமொழி கோட்டைத் தொட்டாள். அவள் முட்டியில் இருந்த சிராய்ப்பு தெரிந்தது, மோவாயிலிருந்து சொட்டிய வேர்வை தெரிந்தது. ஜெயித்துவிட்டார்கள். வீடே எழுந்து கூச்சல் போட்டது. மைக்கோடு வந்தவர் தமிழில் ஏதோ கேட்க, கனிமொழியின் முகம் திரையை நிறைத்தது.

"எங்கப்பா எனக்கோசரம் பெரிய டி.வி. வாங்கிகீறாரு" என்று மூச்சிரைக்கச் சிரித்தவள், நேராக எங்களைப் பார்த்தாள். "அப்பா, நான் நல்லா தெரியிறனா?"

மாடியிலிருந்து மாமாவின் குரல் கேட்டது.

"இன்னா கோமளா, புள்ள முகம் தெரியுதா?"

அக்காள் எழுந்து போய்த் திரையில் இருந்த முகத்தைத் தடவிக்கொண்டு நின்றாள். நான்தான் ஜன்னலில் தலையை நீட்டிக் கத்தினேன்.

"தெரியுது மாமா, நல்லா தெரியுது!"