கிண்ணத்தின் அடியில் மரியா

எங்கள் புதுவீட்டுப் பால் காய்ப்பு முடிந்து, இரவல் வாங்கிய பாத்திரங்களைத் திருப்பிக் கொடுத்தபோது, நீலநிறக் கண்ணாடிக் கிண்ணம் ஒன்று மிஞ்சியது. அடியில் ஆங்கிலத்தில் ‘மரியா’ என்று கீறியிருந்தது. எவர்சில்வரில் பெயர் வெட்டுவோமே, அதுபோல் யாரோ வெட்டியிருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

மரியா இல்லாத தெரு திண்டுக்கல்லில் ஏது? அடுத்த வீட்டு மரியா டீச்சர், “எங்க பாத்திரத்துல இனிஷியலோட வெட்டியிருப்பமே” என்றார். பூ விற்கும் மரியாக்கா, “என்னுது இல்ல. யாரும் வரலேன்னா எனக்கே குடுத்துருங்க” என்றார்.

அவரிடமே கொடுத்துவிடலாம் என்று கிண்ணத்தைப் பையில் வைத்துக் கிளம்பும்போது, ஆயக்குடியிலிருந்து நாத்தனார் போன் செய்தாள்.

“மதினி, அடுப்படியில ஒரு கண்ணாடிக் கிண்ணம் வச்சுட்டு வந்தேனே, புடிக்கலையா?”

“அதுல மரியான்னு பேர் வெட்டியிருக்கே.”

செத்த நேரம் சிரிப்புதான் கேட்டது.

“அது செஞ்சவங்க பேரு மதினி. இத்தாலிக்காரம்மா. வாயால ஊதிச் செஞ்சு, அடியில கையெழுத்துப் போடுவாங்க. சென்னைக் கண்காட்சியில அவங்ககிட்டயே வாங்குனேன்.”

அந்த அம்மாள் கிண்ணத்தைக் கவிழ்த்துக் கையெழுத்துப் போடும் படத்தையும் அனுப்பினாள். அன்று மாலையே எங்கள் ஊர் மரியாக்கள் இருவரையும் காபிக்கு அழைத்து, மூன்றாவது மரியாவைக் காட்டினேன்.

இப்போதெல்லாம் வீட்டில் புதிதாக எதைப் பார்த்தாலும் முதலில் சொந்தக்காரர்களுக்குத்தான் போன். கிண்ணத்தை, கையெழுத்து தெரியும்படி ஷோகேஸில் கவிழ்த்து வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை மட்டும் நிமிர்த்துவேன். அன்று மரியாக்கா மல்லிகையோடு வருவார்.