சத்தமில்லாத வண்டியில் கேட்டது

விசைப்படகில் இன்ஜின் பார்ப்பது என் தொழில். எந்த வண்டியானாலும் முதலில் காதைக் கொடுப்பேன், கண்ணெல்லாம் அப்புறம்தான். மீன்பிடித் தடைக்காலத்தில் படகுகள் காசிமேடு துறைமுகத்தில் கட்டிக் கிடந்தன. நான் எர்ணாவூர் வீட்டில் சும்மா உட்கார்ந்து எல்லோர்மேலும் எரிந்து விழுந்துகொண்டிருந்தேன். அந்த நாட்களில்தான், ஏழு பேர் உட்காரும் ஹைபிரிட் வண்டி ஒன்றை ஓட்டிப் பார்க்க ஏற்பாடு செய்தேன்.

வண்டி என் மனைவிக்காக. அவளுக்கு நுரையீரலில் கோளாறு. இந்தப் பக்கத்து ஆலைப் புகையும் லாரிப் புகையும் ஒத்துக்கொள்ளாது, வீட்டை மாற்றுங்கள் என்று டாக்டர் இரண்டு வருடத்துக்கு முன்பே சொல்லிவிட்டார். நான்தான் கேட்கவில்லை. துறைமுகத்தை விட்டுத் தள்ளிப் போனால் தொழில் என்னாவது என்று வீம்பு பிடித்தேன். கண்ணாடியை ஏற்றிவிட்டு ஏசியில் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தால் போதும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஷோரூம்காரர் வண்டியை வாசலுக்கே கொண்டுவந்தார். படி தாழ்வாக இருந்ததால் அவள் யார் கையையும் பிடிக்காமல் நடு சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். "சோபா கணக்கா கீதுயா" என்றாள். நான் கடைசி வரிசையில் நுழைந்து பார்த்தேன். முழங்கால் மோவாயில் இடித்தது. பேரப்பிள்ளைகளுக்குத்தான் அது லாயக்கு.

பிறகு ஓட்ட உட்கார்ந்து பட்டனை அழுத்தினேன். சத்தமே வரவில்லை. மறுபடி அழுத்தினேன்.

"சார், வண்டி ஆன்லதான் இருந்துச்சு. இப்ப நீங்க ஆஃப் பண்ணிட்டீங்க" என்றார் ஷோரூம்காரர்.

மூன்று தடவை இதே கூத்து. உறுமாத இன்ஜினை நான் எப்படி நம்புவது? "இன்ஜின் பாக்கற ஆளாம்" என்று அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து வெகு நாளாகியிருந்தது. எனக்குக் கோபம் வரவில்லை.

மணலி சாலையில் வழக்கம்போல் கண்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நின்றன. லாரிக்காரர்கள் இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கி நின்றார்கள். எங்கள் வண்டியும் நின்றது. நின்றதும் இன்ஜின் தானாகவே அணைந்து பேட்டரிக்கு மாறியது. ஷோரூம்காரர் ஏசியைக் குறைத்தார். "பாருங்க சார், குண்டூசி விழுந்தாக்கூட கேக்கும்."

நான் காதைத் தீட்டினேன். மெல்லிசாக ஒரு இழுவை கேட்டது. டீசல் குழாயில் காற்று புகுந்தால் வருவது போல, விட்டு விட்டு வந்தது.

"பின்னால இன்னாமோ சத்தம் வருதுபா. இது இன்னா?" என்றேன். வண்டியில் குறை கண்டுபிடித்துவிட்ட பெருமை எனக்கு.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "அது வண்டி இல்ல சார்."

திரும்பிப் பார்த்தேன். அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி, நெஞ்சைக் கையால் அழுத்திக்கொண்டிருந்தாள். வீட்டில் மின்விசிறியின் கடகடப்பு, வெளியே டேங்கர் லாரி, என் காதுக்குள் ஓயாமல் படகு இன்ஜினின் இரைச்சல். இதற்கு நடுவே அவள் மூச்சை நான் கேட்டதே இல்லை.

"எத்தினி நாளா இப்டி கீது?" என்றேன்.

"நீ கடலுக்குப் போய்ட்டா நல்லா இழுத்து இழுத்து வுடுவேன். நீ வூட்ல கீறப்ப அடக்கினு இருப்பேன். தெரிஞ்சா நீ பேஜாராவேன்னுதான். இப்ப சிரிச்சிட்டனா, அடக்க முடில."

வண்டியை அப்படியே திருப்பி வீட்டுக்கு வந்தோம். அதை வாங்கவில்லை. தடைக்காலம் முடிவதற்குள் தாம்பரம் தாண்டி ஒரு வீடு பார்த்துக் குடிபோனோம். அங்கே அவள் எதையும் அடக்கவில்லை. அவள் மூச்சை எண்ணிக்கொண்டே நான் பக்கத்தில் படுத்திருப்பேன்.

ஒரு மழைக்காலம்தான் உயிரோடு இருந்தாள். டாக்டர் சொன்னபோதே ஏன் போகவில்லை என்று பிள்ளைகள்கூட என்னிடம் கேட்கவில்லை.