வேலிக்கு இந்தப் பக்கம் காய்த்த பூசணி

வேலிக்கு இந்தப் பக்கம் காய்ப்பது எனக்குத்தான் என்று நினைத்தவள் நான். கண்டக்குழியில் எங்கள் அடுத்த வீட்டு ஆயிஷா ராத்தாவின் பூசணிக்கொடி எங்கள் வளவுக்குள் படர்ந்து, ஒரேயொரு காய் முற்றிக் கிடந்தது. கேட்காமலே வெட்டி, மேலும் கீழும் சிரட்டைத் தணல் போட்டுச் சட்டியில் கேக் செய்தேன். மனம் உறுத்தியதால் ராத்தாவுக்கும் ஒரு பீங்கானில் கொண்டுபோனேன்.

ஒரு துண்டைத் தின்றுவிட்டு, "நல்லா வந்திருக்கு புள்ள. வேலிக் காய்தானே? விதை எங்க?" என்று கேட்டார்.

"கோழிக்கு வீசிட்டன் ராத்தா."

"விதைக்குத்தான் அத விட்டு வெச்சன். வேற விதை இல்ல."

ஏசியிருந்தால் எதிர்த்துப் பேசியிருப்பேன். வீட்டுக்கு ஓடிக் கோழிகளை விரட்டினேன். ஒரு விதையாவது எடுக்காமல் எழும்புவதில்லை என்று, கேக்குக்கு மாவரித்த அதே அரிதட்டால் மணலை அரித்தேன். மாலை மஃரிப் பாங்கு சொல்வதற்குள் ஏழு விதைகள் கிடைத்தன.

ராத்தா நான்கை எடுத்துக்கொண்டார். மூன்றை என் பீங்கானில் வைத்து, "வெறும் பீங்கான் குடுக்கப்படாது. நீயும் நடு" என்றார்.

நட்டேன். என் கொடி இப்போது வேலி தாண்டி அவர் பக்கம் காய்த்திருக்கிறது. நேற்று அவர் வேலியருகே வந்து, "புள்ள, ஒன்ட காய வெட்டட்டா?" என்று கேட்டார்.

"ஓம்" என்று சொல்லும்போது என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.