ஏரி வடியும் நாள்

சர்க்கரைக் கட்டியை வாயில் அதக்கிக்கொண்டு, காபிக் கோப்பையோடு ஜன்னலில் நின்று, ஸ்டெய்ன்வோர் ஆற்றைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள். பள்ளத்தாக்கின் கடைசிப் பண்ணை அவளுடையது. ஐஸ்லாந்துத் தீவின் இந்தப் பக்கத்தில் அதற்கப்பால் வீடே கிடையாது. கல், பனியாறு, அதன் இடுக்கில் ஏரி.

அந்த ஏரிக்கு மூன்று பக்கம் மலை. நாலாவது பக்கம் பனிக்கட்டிதான் அணை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தண்ணீர் பனிக்கு அடியில் வழி தோண்டிக்கொண்டு ஓடிவிடும். ஆறு வீங்கி அவள் வேலிவரை வரும். உடனே பள்ளத்தாக்கின் மற்றப் பண்ணைகளில் இருக்கும் எங்களுக்கெல்லாம் அவளிடமிருந்து தொலைபேசி.

"ஏரி கிளம்பிருச்சு. எந்திரிங்க, சோம்பேறிகளா!"

அவள் கணவன் கெஸ்தூர் படகோடு அந்த ஏரியில் மூழ்கியவன். உடல் மேலே வரவில்லை. அந்தக் குளிரில் வராது. தேவாலயக் கல்லறைத் தோட்டத்தில் பெயர் வெட்டிய கல் மட்டும் நிற்கிறது. ஏரி வடிந்ததும், மலையில் ஆடுகளை வளைத்து இறக்குவதுபோலவே, நாங்கள் வரிசையாகப் பிரிந்து அடிச்சேற்றில் தேடி நடப்போம். தரைதட்டிய பனிப்பாறைகள் சுற்றிலும் சொட்டிக்கொண்டு நிற்கும்.

தேடல் முடிந்தால் அவள் வீட்டில் ஆட்டுக்கறி சூப். "ஓட்கேர், நீ தேடுனது எம் புருஷனையா, இந்தச் சட்டியையா?" என்று பக்கத்துப் பண்ணைக்காரனைச் சீண்டுவாள். அன்று அவள் வாய் ஓயாது. மற்ற நாட்களில் அந்த வீட்டு வாசலை யாரும் மிதிப்பதில்லை. "ரேடியோ பேசும், நான் அதைத் திட்டுவேன். பொழுது போயிரும்," என்பாள்.

ஒருமுறை ஓட்கேர் சூப்பை உறிஞ்சியபடி கேட்டான்: "கெஸ்தூர் கெடச்சுட்டா, அப்புறம் நமக்கு இங்க என்ன வேலை?" எல்லோரும் சிரித்தோம். ஸ்டெய்ன்வோர் எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினாள்.

போன ஆகஸ்டில் ஏரி மறுபடி வடிந்தது. வரிசையில் எனக்கு அடுத்து அவள். ஆழமான பள்ளத்தில் சட்டென்று நின்றாள். சேற்றில் ஒரு ரப்பர் பூட்ஸ், கணுக்காலில் சிவப்பு ஒட்டு. கெஸ்தூருடையதுதான், எனக்கே தெரியும். நான் வாய் திறக்குமுன் என்னைப் பார்த்துத் தலையை அசைத்தாள், வேண்டாம் என்று.

"என்ன ஸ்டெய்ன்வோர், நின்னுட்ட? ஏதாச்சும் கெடச்சுதா?" வரிசைக் கோடியிலிருந்து ஓட்கேர் கத்தினான்.

"கல்லுப்பா! நட, நட!" என்று திருப்பிக் கத்திக்கொண்டே, குதிகாலால் சேற்றை இழுத்து அதன்மேல் மூடினாள்.