ஐந்து வாரம் நான் அதிகாரி

அத்தை ஓர் அதிகாரியின் முன்னால் போய்ப் பேச வேண்டும் என்று ஊரில் முடிவானபோது, அந்த அதிகாரியாக நடிக்கும் பொறுப்பு எனக்குக் கிடைத்தது. அப்போது ஐந்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் ஊர் மலைமேல், பள்ளங்கி கிராமத்தைத் தாண்டி, ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. இருபது சொச்சம் வீடுகள். பூண்டு, உருளைக்கிழங்கு, பீன்ஸ். ஓடைக்கு இந்தப் பக்கம் வரை ஜீப் வரும். அதற்கப்புறம் ஒற்றையடிப் பாதை. மூட்டைகள் குதிரை முதுகில் போகும், மனிதர்கள் நடந்து போவோம். நடக்க முடியாதவர்களைக் கம்பளியில் கிடத்திக் கம்பில் கட்டி நான்கு பேர் சுமப்பார்கள். அதற்கு டோலி என்று பெயர்.

முந்தைய மழைக்காலத்தில் அத்தையின் கணவரை அப்படித்தான் தூக்கிப் போனார்கள். மத்தியானம் தோட்டத்தில் இருக்கும்போதே நெஞ்சில் வலி என்றிருக்கிறார். டோலி கட்டும்போது பொழுது சாய்ந்துவிட்டது. ஓடையில் வெள்ளம். தண்ணீர் வடியட்டும் என்று கரையில் இறக்கி வைத்தார்கள். வைத்த இடத்திலேயே மாமா போய்விட்டார். எதிர்க்கரையில் ஜீப் விளக்கைப் போட்டுக்கொண்டு நின்றிருந்ததாம்.

அது நடந்து சில மாதம் கழித்துக் கன்னிவாடியிலிருந்து ஓர் அக்கா வர ஆரம்பித்தார். ஏதோ ஒரு சங்கத்தில் வேலை பார்த்தார். வியாழக்கிழமைதோறும் பஸ் பிடித்து, ஜீப் பிடித்து, மீதித் தூரம் நடந்து, செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு வந்து சேர்வார். அவர் நல்ல தமிழில் ஒரு மனு எழுதித் தருவார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அக்கா மறுத்துவிட்டார்.

“எத்தன மனு குடுத்திருக்கீங்க? எல்லாம் கட்டோட கட்டாக் கெடக்கு. நான் எழுதிக் குடுத்தா நாளைக்கும் நான்தான் வரணும். நீங்க வாயத் தொறங்க. நான் பின்னாடி நிக்கிறேன்.”

அடுத்த மாதம் நகரத்தில் குறை கேட்கும் கூட்டம் இருந்தது. பெரிய அதிகாரியும் ரோட்டு இன்ஜினியரும் பக்கத்தில் பக்கத்தில் உட்காருவார்கள். அங்கே வைத்துக் கேட்டால்தான் ஒருவரைக் காட்டி ஒருவர் தப்பிக்க முடியாது என்றார் அக்கா. பேச வேண்டியவை மூன்று. என்ன நடந்தது. என்ன வேண்டும், அதாவது ஓடையில் ஒரு பாலமும் ஜீப் போகிற அகலத்துக்குப் பாதையும். எந்தத் தேதியில் அளக்க வருவார்கள். மூன்றாவதுதான் முக்கியம். தேதி வாங்காமல் நகரக் கூடாது.

யார் பேசுவது என்று அக்கா கேட்டதும் கூடியிருந்த பெண்கள் எல்லாரும் அத்தையைத் திரும்பிப் பார்த்தார்கள்.

“எனக்கு வந்தது இன்னொருத்திக்கு வரக் கூடாதுல்ல, பேசுறேன்” என்றாள் அத்தை. பக்கத்தில் இருந்தவர்களுக்கே சரியாகக் கேட்கவில்லை.

ஒத்திகை எங்கள் பூண்டுக் கொட்டகையில் நடந்தது. கட்டுக்கட்டாகத் தொங்கும் பூண்டுக்குக் கீழே, பூண்டு காயப் போட்ட புகையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். முதலில் பக்கத்து வீட்டுச் சின்னம்மாதான் அதிகாரி. “என்னம்மா, என்ன வேணும்?” என்று அதட்டிவிட்டு, அவளே சிரித்துவிட்டாள்.

“ஏண்டி, இது அதிகாரி கேக்குற மாதிரியா இருக்கு? ஆட்டுக்குட்டியக் கூப்புடுற மாதிரில்ல இருக்கு” என்று ஒருத்தி சொல்ல, அதற்கப்புறம் யாராலும் முகத்தை நேராக வைத்துக்கொள்ள முடியவில்லை. சிரிக்காமல் இருந்தது நான் மட்டும். அக்கா என்னைப் பார்த்து, “இனிமே நீதான் அதிகாரி” என்றார்.

எனக்குத் தெரிந்த ஒரே அதிகாரி எங்கள் தலைமையாசிரியர். அவரிடமிருந்து எடுக்க வேண்டியதை நோட்டில் எழுதி வைத்துக்கொண்டேன். எழுதும்போது நிமிர்ந்து பார்க்க மாட்டார். “ம், அப்புறம்” என்பார். பேனாவால் மேஜையைத் தட்டுவார். அடுத்த வாரம் காய்கறிப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்து இவ்வளவையும் செய்தேன். அத்தை உண்மையிலேயே இரண்டு கையையும் கட்டிக்கொண்டு நின்றாள். எனக்குப் பெருமையாக இருந்தது.

மூன்றாம் வாரம் அத்தை மூன்றையும் தடங்கலில்லாமல் சொல்லிவிட்டாள். ஓடைக்கரையையும் ஜீப் விளக்கையும் சொன்னபோது சின்னம்மா அழுதாள். “இனிமே அதிகாரி கொஞ்சம் மடக்கிக் கேக்கணும். அங்க சும்மா விட மாட்டாங்க” என்றார் அக்கா.

மடக்கிக் கேட்பதற்கும் என்னிடம் ஒரு கேள்வி இருந்தது. ஓடையில் தண்ணீர் ஏறும் நாட்களில் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பள்ளிக்குத் தாமதமாகத்தான் போவோம். தலைமையாசிரியர் ஒவ்வொரு முறையும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார். என்ன பதில் சொன்னாலும் எடுபடாது. ஆகவே அதுதான் இருப்பதிலேயே பலமான கேள்வி என்று கணக்குப் போட்டேன். இப்போது மென்பொருள் சோதிக்கும் வேலையில் இருக்கிறேன். எதைக் கேட்டால் உடையும் என்று தேடுவதற்குச் சம்பளம் தருகிறார்கள். அந்த வயதில் சும்மாவே செய்தேன்.

நான்காம் வாரம், அத்தை முதல் விஷயத்தைச் சொல்லி முடித்ததும், தலை நிமிராமல் கேட்டேன்.

“மத்தியானமே வலி வந்துச்சுல்ல? ஏன் வெள்ளனே கெளம்பல?”

அக்கா கை தட்டினார். “பாத்தீங்களா, இப்பிடித்தான் கேப்பாங்க.” உடனே மற்றவர்களும் தட்டினார்கள். “இவ கலெக்டராத்தான்டி வருவா” என்றாள் சின்னம்மா. அம்மா மட்டும், “போதும், எந்திரிச்சு வா” என்று என் தோளைப் பிடித்து இழுத்தாள். வீட்டில் அடுப்பு வேலை கிடக்கிறது போல என்று எண்ணிக்கொண்டேன்.

“மறுபடி மொதல்லருந்து சொல்றேன்” என்றாள் அத்தை. ஐந்தாம் வாரமும் அந்தக் கேள்வியைக் கேட்டேன், இரண்டு தடவை. அத்தை இரண்டு தடவையும் அதைத் தாண்டிப் பாலத்துக்குப் போய்விட்டாள். சாமர்த்தியமாகச் சமாளிக்கிறாள் என்று அக்கா பாராட்டினார். வேலையில்லாத நேரங்களில் அத்தையின் உதடு அசைந்துகொண்டே இருந்தது. மூன்று விஷயங்களையும் மனப்பாடம் செய்கிறாள் என்று எனக்குத் திருப்தி.

கூட்டம் நகரத்தை ஒட்டி, அட்டுவம்பட்டிப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. எங்கள் முறை வந்ததும் அத்தையோடு அக்காவை விடவில்லை, மனுவுக்கு ஓர் ஆள் என்றார்கள். அக்கா பின்னால், காதில் விழும் தூரத்தில் நின்றுகொண்டார். சின்னப் பிள்ளை என்பதால் என்னைக் கண்டுகொள்ளவில்லை. அத்தையின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு போனேன்.

அந்த அதிகாரி என்னைப் போல இல்லை. இளைஞர். பேனாவைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். நாற்காலியைக் காட்டி, “உட்காருங்கம்மா. பொறுமையா சொல்லுங்க” என்றார்.

அத்தை உட்காரவில்லை.

“ஐயா, மத்தியானமே வலிக்குதுன்னுதான் சொன்னாரு. நான் வாயுன்னு நெனச்சேன். ஓமத்தண்ணி வச்சுக் குடுத்தேன். குடிச்சுட்டுப் படுத்தாரு. அன்னைக்கிப் பூண்டு வெளிய கெடந்துச்சு, மழ வந்துருச்சு. அத அள்ளி உள்ள வச்சுட்டு வந்து பாப்போம்னு போனேன். வந்து பாத்தா மேலெல்லாம் வேர்த்துக் கெடக்கு. அப்பவும் மழ விடட்டும்னு இருந்தேன். வெள்ளனே கெளம்பியிருக்கணும் ஐயா. நான்தான் கெளம்பல.”

மண்டபத்தில் வேறு எங்கோ ஒரு மைக் கீச்சிட்டது. அதிகாரியின் முகம் இளகிவிட்டது.

“உங்க மேல ஒரு தப்பும் இல்லம்மா.”

“இல்லய்யா, இருக்கு.”

“மனசத் தேத்திக்கங்க. விதவை பென்ஷன் வருதா?”

அத்தை இல்லை என்று தலையசைத்தாள். அவர் உதவியாளரிடம் குறித்துக்கொள்ளச் சொன்னார். பக்கத்திலிருந்த இன்ஜினியர் இது தன் விஷயமில்லை என்று தெரிந்ததும் போனை எடுத்துக்கொண்டார். அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

திரும்பி வரும் பஸ்ஸில் அத்தையும் அக்காவும் முன் சீட்டில் இருந்தார்கள். நான் பின்னாலிருந்து எட்டிப் பார்த்துச் சொன்னேன்.

“அத்த, ஓடையச் சொல்லல. பாலத்தச் சொல்லல. தேதியும் கேக்கல.”

அக்கா திரும்பி என்னைப் பார்த்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். ஆனால் அவர் அத்தையின் பக்கம் திரும்பி, “தப்பு என்னோடதுக்கா” என்றார்.

“நீங்க என்ன பண்ணுவீங்க? அம்புட்டுக் கூட்டத்தப் பாத்ததும் எல்லாம் மறந்துபோச்சு” என்றாள் அத்தை. பிறகு கையைப் பின்னால் நீட்டி என் தாடையைத் தொட்டாள். “நீ நல்லாத்தான் சொல்லிக் குடுத்த ஆத்தா. எனக்குத்தான் பயம்.”

அத்தைக்குப் பென்ஷன் வந்தது. சின்னம்மாவும் மற்றவர்களும் மறுபடி பாதைக்காகப் போனபோது, பென்ஷன் கொடுத்ததோடு எங்கள் ஊர் மனுவின் மீது ஏற்கெனவே நடவடிக்கை எடுக்கப்பட்டுவிட்டது என்று ஒரு காகிதத்தைக் காட்டினார்கள். இவர்கள் புதிதாக எழுதிக் கொடுத்தார்கள். அதிகாரி மாறினார். அக்காவும் கொஞ்ச நாளில் வேறு ஊர்களுக்குப் போய்விட்டார். ஓடையைக் கடக்க இன்றைக்கும் தண்ணீர் வடியத்தான் காத்திருக்கிறார்கள்.

அத்தை மேல் எனக்கு வெகு நாள் கோபம் இருந்தது. ஐந்து வாரம் சொல்லிக் கொடுத்தும் மூன்றே மூன்று விஷயத்தை மறந்துவிட்டாளே என்று. கூட்டத்தைப் பார்த்துப் பயந்துவிட்டதாக அவள் சொன்னதை அப்படியே நம்பினேன். ஆனால் பயந்தவர்களுக்கு நாக்குக் குழறும். அத்தை ஓரிடத்திலும் திணறவில்லை. வலி, ஓமத்தண்ணி, பூண்டு, மழை என்று ஒவ்வொன்றாக, விட்டுப்போகாமல் வரிசையாகச் சொன்னாள். பக்கத்திலேயே நின்று முழுவதையும் கேட்டேன். ஏன் வெள்ளனே கிளம்பவில்லை என்று அந்த அதிகாரி அவளிடம் கேட்கவே இல்லை என்பது அன்று எனக்கு உறைக்கவில்லை.