கேட் பாஸ் இல்லாத பீட்சா

அருள்ஜோசப்புக்கு கேட்டில் இன்னொரு பெயர் உண்டு: ஸ்கேனர். ஓசூர் சிப்காட்டில் வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் செக்யூரிட்டி சூப்பர்வைசர். பத்தொன்பது வருட சர்வீஸ். வெளியே போகிற பையெல்லாம் அவர் முன்னால் திறந்தாக வேண்டும். குப்பையில் கிடந்த போல்ட்டாக இருந்தாலும் கேட் பாஸ் இல்லாமல் நகராது. அங்கே யாரும் பார்க்காத பை அவருடையது மட்டும்தான்.

போன வருடம் அவரிடம் சிக்கியவன் முனிசாமி. தொரப்பள்ளிக்காரன், காண்ட்ராக்ட் ஆள். கழித்துப் போட்ட வட்டத் தகடு ஒன்றைச் சாப்பாட்டுப் பையில் வைத்திருந்தான். மனைவி ரங்கம்மா ராகி ரொட்டி சுட நல்ல கனமான கல்லாக இருக்குமென்று எடுத்தானாம். "ஸ்கிராப்புதானே சார்" என்று கெஞ்சினான். அருள்ஜோசப் மசியவில்லை. ரிப்போர்ட் எழுதினார், மறுநாளிலிருந்து முனிசாமிக்கு வேலை இல்லை. மாதக் கூட்டத்தில் மேனேஜர் அவரை எழுந்து நிற்கச் சொல்லி எல்லோரையும் கைதட்ட வைத்தார். மனுஷன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் நின்றார்.

இந்த மே மாதம் மகள் ஃபெபா பத்தாவதில் நல்ல மார்க் வாங்கினாள். வீட்டிலேயே பீட்சா சுட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். அப்பா பின்வாசலில் பாதி டிரம்மில் கரியைக் கொட்டி, மேலே கம்பி வலை போட்டார். முதல் பீட்சா வலையின் ஓட்டைகளில் தொங்கிக் கரியில் விழுந்தது. இரண்டாவதற்கு அடி கருகியது, மேலே சீஸ் உருகவே இல்லை. "கனமா ஒரு கல்லு வேணுமாம்ப்பா" என்றாள் ஃபெபா, போனைப் பார்த்து. அவருக்குச் சட்டென்று எது ஞாபகம் வந்தது என்று சொல்லவே கூச்சமாக இருக்கிறது. சனிக்கிழமை ஷிப்ட் முடிந்ததும் ஸ்கிராப் குவியலிலிருந்து அதே மாதிரி தகடு ஒன்றைப் பையில் போட்டார். கேட்டில் சல்யூட் வாங்கிக்கொண்டு வெளியே வந்தார். கடையில் வாங்கியதாக வீட்டில் சொன்னார்.

ஞாயிறு சர்ச்சிலிருந்து வந்து அடுப்பு மூட்டினால் கரி போதவில்லை. மனைவி சாராள் தெருமுனை சிக்கன் கடையில் நம்பர் வாங்கிக் கரிக்காரருக்குப் போன் போட்டாள். அரை மணி நேரத்தில் மொபெட்டில் மூட்டையோடு வந்து இறங்கியவன் முனிசாமி.

"சார், நல்லா இருக்கீங்களா?" என்றான். முகத்தில் துளிப் பகை இல்லை. அது இருந்திருந்தால் அருள்ஜோசப்புக்குக் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும்.

அடுப்பை எட்டிப் பார்த்தவன் சும்மா இருக்கவில்லை. "நடுவுல குமிச்சா அடி தீஞ்சிடும் சார். ஓரமா தள்ளிட்டு மேல பெரிய மூடியா போட்டு மூடுங்க. அனலு உள்ளயே சுத்தும்." தானே ஒரு குச்சியால் கரியை ஒதுக்கியும் விட்டான். பத்து நிமிடத்தில் பீட்சா உப்பிச் சிவந்து வந்தது. ஃபெபா துள்ளிக் குதித்தாள். சாராள் முதல் துண்டை முனிசாமியிடம் நீட்டினாள்.

வாங்கியவன் தின்னவில்லை. காலியான தகட்டையும் அதன் ஓரத்தில் இருந்த ஆறு துளைகளையும் பார்த்துக்கொண்டிருந்தான். ஆயிரக்கணக்கில் அடுக்கிய கை, தெரியாமல் போகுமா?

"இது நம்ம கம்பெனி பிளேட்டாச்சே சார்."

"கடையில வாங்குனதுன்னீங்க?" என்று சாராள் திரும்பினாள்.

அருள்ஜோசப் குனிந்து குச்சியால் கரியைக் கிளறினார். காப்பாற்ற வந்தவனும் முனிசாமிதான். "கேட் பாஸ் போட்டுத்தான் எடுத்தாந்திருப்பாரும்மா. சார் ரூல் தப்ப மாட்டாரு."

"ஆமா" என்றார் அவர். சாராள் அவரையே பார்த்தாள். பத்தொன்பது வருடமாக அவர் பிறரைப் பார்த்த பார்வை அது.

"நானும் அன்னைக்கு உங்ககிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கணும். பாஸ் போட்டுக் குடுத்திருப்பீங்க" என்றான் முனிசாமி. "எம்மேலதான் சார் தப்பு. மனசுல வச்சுக்காதீங்க."

இப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாயைத் திறக்கத்தான் செய்தார். ஃபெபா பெருமையாக அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பரவால்ல, விடு முனிசாமி" என்றார்.

மன்னித்துவிட்டாராம். முனிசாமி நிம்மதியாகச் சிரித்துவிட்டு பீட்சாவைக் கடித்தான். அவன் தின்று முடித்து, கை கழுவி, மொபெட்டைக் கிளப்பிப் போகும்வரை அருள்ஜோசப் தலையைத் தூக்கவில்லை.