மணப்பெண் ஃபர்னஸ் பார்க்கப் போனாள்

என் அண்ணன் நெஸ்டர் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவன். நாற்பத்தொன்பது வயது வரை கல்யாணம் என்ற பேச்சையே எடுக்காமல் இருந்தவனை மாற்றியது அவன் வீட்டு நிலவறையில் இருந்து வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ்தான்.

ஒரு டிசம்பர் காலையில் வீடு ஐஸ்பெட்டி ஆகிவிட்டது. எங்கள் குளிர்நாட்டு ஊர் தாஃபினில் ஃபர்னஸ் ரிப்பேருக்கு டெக்லாதான். பெட்டியும் கையுமாக வந்தவள், நிலவறைப் படியோரம் இருந்த சுவிட்சைத் தட்டினாள். ஃபர்னஸ் உறுமிக்கொண்டு எழுந்தது.

"விளக்குன்னு நெனச்சு அணைச்சுட்டீங்களா?"

"ஆமாங்க."

"வெக்கப்படாதீங்க, ஊர்ல பாதிப் பேரு இப்படித்தான்."

அடுத்த வாரம் மறுபடி கூப்பிட்டான். ஃபர்னஸ் எரிவதும் அணைவதுமாக இருந்தது. டெக்லா ஃபில்ட்டரை உருவி எடுத்தாள். ஆட்டுத்தோல் மாதிரி தூசி.

"எப்ப மாத்துனீங்க?"

"அதை மாத்தணுமா?"

அவள் சிரித்துச் சிரித்துப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

மூன்றாம் முறை அரைமணி நேரம் தேடியும் குறை ஒன்றும் அகப்படவில்லை.

"எதுவும் கெடலையே?"

"கெடலை. சாப்பிட வர்றீங்களான்னு கேக்க வேற வழி தெரியல."

"பெரோகிக் கொழுக்கட்டை இருக்கா?"

"இருக்கு."

"அதை மொதல்ல சொல்லியிருக்கலாம்ல!"

கோடையில் ஹால் கிடைக்காததால் மறு பிப்ரவரியில் கல்யாணம் வைத்தோம். வெளியே மைனஸ் முப்பத்திரண்டு. வாழ்த்த வரிசையில் நின்றவர்கள் மணப்பெண்ணை முத்தமிட்ட கையோடு சந்தேகத்தையும் கேட்டார்கள்.

"நல்லாயிரு டெக்லா. எங்க ஃபர்னஸ் பத்த வைக்கிறப்போ டமார்னு ஒரு சத்தம்..."

"பர்னர் அழுக்காயிருக்கும். தள்ளிப் போடாதீங்க, திங்கக்கிழமை வரேன்."

பாதிரியாரும் விடவில்லை. "என்னுதுக்கு இருபது வயசு. ரிப்பேரா, புதுசா?"

"உள்ள இரும்புல விரிசல் விட்டிருந்தா புதுசுதான், ஃபாதர். விஷப்புகை வீட்டுக்குள்ள வந்துரும். அலாரம் மாட்டியிருக்கீங்கல்ல?"

அவர் மெல்ல நழுவினார்.

சூப் பரிமாறும்போதுதான் என் கால் விறைத்தது. பேசியவர்கள் வாயிலிருந்தெல்லாம் குளிரில் ஆவி; ஹாலின் ஃபர்னஸ் நின்றுவிட்டிருந்தது. இருநூறு பேரும் ஒரே நேரத்தில் மணமேடையைத் திரும்பிப் பார்த்தார்கள். டெக்லா கரண்டியை வைத்தாள்.

"பொண்ணை விட்டுடுங்கப்பா! வேற ஆளைக் கூப்பிடலாம்," என்றான் அண்ணன்.

"வேற ஆளா? என் கல்யாணத்துலயா?"

கவுனின் வாலை நான் தூக்கிக்கொள்ள, அவள் ஹாலின் நிலவறைக்கு இறங்கினாள். பின்னால் பாதி ஹாலும் இறங்கியது. ஃபர்னஸ் அருகே காதை வைத்தாள்.

"சின்ன விசிறி ஓடுது, தீ பிடிக்கல. காத்து வரல. காத்துக் குழாய் எங்க வெளிய போகுது?"

ஹாலின் பின்புறம் ஓடினோம். சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்க வேண்டிய குழாய்களைக் காணோம். அந்த இடத்தில் ஆள் உயரப் பனிக்குவியல்.

"எவன்டா இங்க பனியை அள்ளிக் கொட்டினது?" என்று கத்தினாள் டெக்லா.

கூட்டத்தில் ஒரு கை உயர்ந்தது. மாப்பிள்ளையின் கை.

"உன் செருப்பு நனையக் கூடாதுன்னு காலைல நான்தான் பனியை அள்ளி வழி பண்ணேன்..."

டெக்லா இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணீர் இமையிலேயே உறைந்தது. "அள்ளுடா, என் ராசா!"

கோட்டும் டையுமாகப் பத்துப் பேர் அள்ளினார்கள். பாதிரியார் தட்டால் அள்ளினார். குழாய் வெளிப்பட்டது. அவள் உள்ளே போய் சுவிட்சை அணைத்துப் போட்டாள். சின்ன விசிறி சுழன்றது. பிறகு தீ குப்பென்று பிடிக்க, மேலே ஹாலில் எழுந்த ஆரவாரம் நிலவறை வரை கேட்டது.

அக்கார்டியன் தொடங்கியது. கோட்டோடு ஆடினோம். ஒரு சுற்றுக்கு ஒருவராகக் கோட்டைக் கழற்றி வீசினார்கள். டெக்லாவையும் அண்ணனையும் நாற்காலியோடு தூக்கிச் சுற்றினோம். கவுனில் கரி, முழங்கையில் கிழிசல். ஒரு கிழவர் நாற்காலிக் காலைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடினார்.

"அம்மா, ஒரே ஒரு கேள்வி! எங்க வீட்ல மேல மாடி மட்டும் சூடே ஆகல..."

"இறக்குங்கடா!" என்று கத்தினாள் என் அண்ணி. "பாவம், அவருக்கு மூச்சு வாங்குது!"